பிளஸ் நாற்பது

டிசம்பர் 3, ஞாயிறு

காற்று கிழக்கிலிருந்து, லேசாக. நான்கு முறை பறக்கவிட்டேன். மூன்று முறை ஒழுங்காக இறக்கினேன். நாலாவதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

ஒவ்வொருவரும் பறத்தல் குறிப்பு எழுதியே ஆக வேண்டும் என்று கிளப்பில் சட்டம் போட்டவன் நான். ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருப்பவனும் நான் ஒருவன்தான். சங்ககிரியில் ரேடியோ விமான கிளப் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். லாரி ஊரில் லாரிக்காரனுக்கு விளையாட்டு வேண்டாமா? ஆறு பேர் இருக்கிறோம். நிலம் என் சிநேகிதன் அர்த்தநாரியுடையது, லாரி நிறுத்த வாங்கிப்போட்டு அப்படியே கிடந்தது. நிழலுக்குக் கட்டியிருக்கும் தார்ப்பாய் என் கடைச் சரக்கு. நான்தான் தலைவர். யாரும் ஓட்டுப் போடவில்லை. தார்ப்பாய் கட்டியவன் தலைவர், அவ்வளவுதான்.

இன்று புதிதாக ஒருவன் வந்தான். பெயர் தனசீலன். திருச்செங்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாற்பதைத் தாண்டிய வயது. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மகோலை அறுத்து அவனே ஒட்டிய விமானம். பார்க்க மீன் பெட்டி மாதிரி இருந்தது. கையில் பிடித்து ஓட்டுகிற ரேடியோவும் பழசு, மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தான்.

பறக்கவிடுவதற்கு முன் பத்து நிமிடம் குனிந்தே நின்றான். ரேடியோவில் உள்ள ஒவ்வொரு சுவிட்சையும் மேலே தள்ளி, குச்சியை ஆட்டி, வால் எப்படி அசைகிறது என்று பார்த்தான். பிறகு கீழே தள்ளி மறுபடியும் ஆட்டிப் பார்த்தான்.

“என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் இத்தன நேரம் பாக்கறே?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“கட்டிக்கிட்டப்புறம் பாத்து என்னங்ணா பண்றது” என்றான்.

அதற்கும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே.

பிறகு அந்த மீன் பெட்டியைப் பறக்கவிட்டான். என்னத்தைச் சொல்ல. காற்றில்லாத நாளில் கொடியில் துணி காய்கிற மாதிரி ஆடாமல் அலுங்காமல் போய், திரும்பி, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அர்த்தநாரி கை தட்டினான். பெற்ற மகள் மேடையேறிப் பட்டம் வாங்கியபோதுகூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆள்.

காற்று சாதகமாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 6, புதன்

இரண்டு லாரிக்குத் தார்ப்பாய் போயிற்று. மழை வரும் என்று டிவியில் சொன்னால் எனக்கு நல்லது. அர்த்தநாரி போன் செய்யவில்லை. புதன்கிழமை தவறாமல் செய்கிறவன்.

டிசம்பர் 10, ஞாயிறு

காற்று இல்லை. தனசீலன் இன்று பாடம் எடுத்தான். நான் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

ரேட் என்றால் எனக்குத் தெரிந்தது விலை ஒன்றுதான். இவர்கள் பேசுவது வேறு. குச்சியை முழுக்க இழுத்தால் வால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பது ரேட். சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் முழுசாக மடங்கும், குட்டிக்கரணம் அடிக்கலாம். மறுபக்கம் தள்ளினால் பாதிதான் மடங்கும், நிதானமாக இறக்கலாம். அதற்கு மேல் எக்ஸ்போ என்று ஒன்று. அது வைத்தால், குச்சியை நடுவில் லேசாகத் தொடும்போது விமானம் மெத்தென்று கேட்கும். கடைசிவரை இழுத்தால் எப்போதும்போல் முழுசாகவே மடங்கும்.

“அட, ஸ்டீயரிங்குல கொஞ்சம் ப்ளே இருக்குமல்ல, அதாட்டம்” என்று அர்த்தநாரி கண்டுபிடித்தான்.

“அதேதானுங்ணா!” என்றான் தனசீலன். அர்த்தநாரி முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஏதோ பரீட்சையில் முதல் ஆளாக வந்தவன் மாதிரி.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதீங்” என்று தனசீலன் சொல்லிக்கொண்டே போனான். “எந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் பிளேன் எறங்கோணும். பறக்கறப்ப பதட்டத்துல கை எதையோ தட்டிரும். தட்டுன பக்கம் நாம ஒண்ணுமே போடாம விட்டிருந்தா, வால் அசையாது. அவ்வளவுதான், போச்சு.”

மருந்துக்கடை இப்ராஹிம் உடனே தன் ரேடியோவை நீட்டினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

“தலைவரே, உங்களுது?” என்று இப்ராஹிம் கேட்டான்.

“என்னுது கம்பெனியிலயே எல்லாம் போட்டு வந்துருச்சு” என்றேன்.

கிளப்பிலேயே விலை கூடின ரேடியோ என்னுடையது. அந்தப் பக்கத்தை நான் மூன்று வருடமாகத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது இந்த நோட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

டிசம்பர் 14, வியாழன்

அர்த்தநாரி கடைக்கு வந்தான். புது வண்டிக்குத் தார்ப்பாய் பார்க்க வந்ததாகச் சொன்னான். தார்ப்பாயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினான். மீதி அரை மணி நேரம், சீலன் தம்பி எஞ்சினைப் பிரித்தது எப்படி, சீலன் தம்பி பசை கலக்குவது எப்படி, சீலன் தம்பி டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ளமாட்டார் என்பதெல்லாம். ‘மாட்டார்’. நேற்று வந்தவனுக்கு ‘ர்’. எனக்கு முப்பது வருடமாக ‘யோவ்’.

டிசம்பர் 17, ஞாயிறு

காற்று தெற்கிலிருந்து. பறக்கவிடவில்லை. பேட்டரி சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

விமானம் ஓட்டுகிறவன் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதனால் இடது பக்கம் ஒருவன் நிற்பான். மாடு குறுக்கே வருகிறது, காற்று திரும்புகிறது, இன்னொரு விமானம் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவன் வேலை. பக்கத்தாள் என்போம். ஏழு வருடமாக அர்த்தநாரிக்குப் பக்கத்தாள் நான்தான். எனக்கு அவன். யாரும் பேசிவைத்த ஏற்பாடு இல்லை.

இன்று அவன் ரேடியோவை எடுத்ததும் நான் எழுந்தேன்.

“நீ உக்காரு சென்னி, முட்டி வலிக்குதுன்னியே. சீலன் தம்பி நிக்கறாப்ல” என்றான்.

முட்டி வலிக்கிறது என்று நான் சொன்னது உண்மை. சொன்னது அக்டோபரில்.

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தனசீலன் அவன் காதருகே சாய்ந்து ஏதோ சொன்னான், அர்த்தநாரி சிரித்தான். பக்கத்தாள் சொல்வதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் ஏழு வருடம் சொன்னேன், ஒரு நாள் சிரித்ததில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது.

அர்த்தநாரி ஏழடி இறக்கை வைத்த பெட்ரோல் விமானம் ஒன்று வாங்கியிருக்கிறான். மஞ்சள் நிறம். பொங்கலுக்கு மகளும் பேத்தியும் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். காணும் பொங்கலன்று அவர்கள் முன்னால் முதல் தடவையாகப் பறக்கவிடப் போகிறானாம். அதற்குப் புது ரேடியோவும் வாங்கிவிட்டான்.

“உன்னுது மாதிரியேதான் வாங்கியிருக்கறேன் சென்னி. அதே கம்பெனி” என்று பெட்டியைப் பிரித்துக் காட்டினான்.

இந்த மாதத்தில் நான் கேட்ட நல்ல சொல் அதுதான். உடனே அடுத்த சொல்லும் வந்தது. “சீலன் தம்பிகிட்டக் குடுத்து ரேட்டெல்லாம் போட்டுக்கலாம்னு இருக்கறேன்.”

“எதுக்கு?” என்றேன். “அவங்கிட்ட இருக்கறது வேற கம்பெனி. உன்னுது என்னுதாட்டமே. நான் போட்டுத் தர்றேன் குடு.”

“உனக்குத் தெரியுமா?”

“மூணு வருஷமா வெச்சுக்கிட்டு என்ன அடைகாத்துக்கிட்டா இருக்கறேன்?”

கொடுத்துவிட்டான்.

அதன்பின்தான் யோசித்தேன். என்ன எண் போடுவது? எனக்கு எது தெரியும்?

பதினொரு மணிக்கு இப்ராஹிமின் விமானம் சோளக்காட்டுக்குள் விழுந்தது. எல்லோரும் தேடப் போனார்கள், தனசீலன் உட்பட. அவன் ரேடியோ மேசை மேல், என் தார்ப்பாயின் நிழலில், திரை எரிந்தபடி இருந்தது. அவன் பறக்கவிட இருந்த நேரம். ரேட் பக்கத்தைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்தான். எடுக்கவில்லை, தொடவில்லை. குனிந்து பார்த்தேன். முழு ரேட் நூறு, குறைந்த ரேட் அறுபது, எக்ஸ்போ நாற்பது. இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

போட்டியாளன் கடையில் என்ன சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்துத்தான் நான் தொழிலே கற்றேன். பதினெட்டு வயதில் செக்போஸ்ட் ஓரம் பழைய தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பார்ப்பது திருட்டு என்றால் ஊரில் எவனும் கடை வைக்க முடியாது.

டிசம்பர் 27, புதன்

மதியம் கடையில் கூட்டம் இல்லை. அர்த்தநாரியின் ரேடியோவில் எண்களைப் போட்டேன். நூறு, அறுபது, நாற்பது. பழைய விமானம் ஒன்றின் வாலோடு சேர்த்து ஆட்டிப் பார்த்தேன். குச்சியை மேலே முழுக்க, கீழே முழுக்க. சுவிட்சைத் தட்டி மறுபடியும் முழுக்க. கச்சிதமாக மடங்கியது.

பொழுதோடு அர்த்தநாரி வந்து வாங்கிக்கொண்டான். “அட, இத்தன சீக்கிரமா முடிச்சுட்டியா?” என்றான். அவன் முகத்தில் மரியாதை இருந்தது. நான் பார்த்தேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

அர்த்தநாரி வரவில்லை. ஹூப்ளியில் வண்டி அச்சு முறிந்து நிற்கிறதாம், போயிருக்கிறான். தனசீலன் வந்தான். “அண்ணன் வரலீங்களா?” என்று என்னைக் கேட்டான். ஏதோ நான்தான் ஒளித்துவைத்திருக்கிற மாதிரி. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 9, செவ்வாய்

காலை ஆறரை மணிக்குத் தனியாகப் போனேன். அதே எண்களை என் ரேடியோவிலும் போட்டுக்கொண்டுதான் போனேன். பொங்கலுக்கு எல்லோர் முன்னாலும் நானும் துணி காய்கிற மாதிரி ஓட்டிக் காட்டலாம் என்று நினைப்பு.

தரையை விட்டதும் விமானம் பைத்தியம் பிடித்த மாதிரி துள்ளியது. குச்சியை ஒரு மயிரிழை தொட்டால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. பயந்து மறுபக்கம் தொட்டால் நேராகத் தரைக்கு வருகிறது. சுவிட்சைத் தட்டினேன், பாதி ரேட்டிலும் அதே துள்ளல். எப்படி இறக்கினேன் என்று தெரியவில்லை. இறக்கினேன் என்று சொல்வதும் பொய். அது விழுந்த இடம் கிளப் நிலத்துக்குள் இருந்தது. சக்கரம் இரண்டும் போயிற்று, இறக்கை நுனி நசுங்கிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 10, புதன்

ரேடியோ வாங்கின கோயமுத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவன் கேட்டதும் சிரித்தான்.

“பிளஸ் நாப்பது போட்டீங்களா சார்? உங்க கம்பெனிக்கு மைனஸ் போட்டாத்தான் நடுவுல மெதுவா கேக்கும். பிளஸ் போட்டா நேர் எதிர், தொட்டவுடனே துள்ளும். வேற கம்பெனி ஆளுகிட்ட நம்பர் வாங்கினீங்களா?”

“முழுக்க இழுத்துப் பாத்தேனே, சரியாத்தான மடங்குச்சு?”

“கடைசியில எப்பவும் சரியாத்தான் சார் இருக்கும். எக்ஸ்போ நடுவுல இருக்கற விஷயம். குச்சிய கொஞ்சமா அசைச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

நான் இரண்டு ஓரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

என் ரேடியோவில் உடனே மாற்றினேன். அர்த்தநாரியின் ரேடியோ அவனிடம் இருக்கிறது. அது ஏழடி விமானம், பெட்ரோல் எஞ்சின், முன்னால் சுற்றுவது மரக்காத்தாடி. அது துள்ளினால் என்னுடையதைப் போலச் சக்கரத்தோடு போகாது.

கூப்பிட்டேன். எடுத்ததுமே சத்தம், சிரிப்பு.

“சொல்லு சென்னி! சீலன் தம்பி இங்கதான் இருக்கறாப்ல. எஞ்சின் மாட்டிக்கிட்டிருக்கறோம். இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்துட்டாப்ல, பாரேன்! என்ன விஷயம்?”

பின்னால் அவன் குரல் கேட்டது: “தலைவருங்களா? வரச் சொல்லுங்ணா.”

வரச் சொல்கிறான். அர்த்தநாரி வீட்டுக்கு என்னை அவன் வரச் சொல்கிறான்.

“சும்மாதான் கூப்பிட்டேன்” என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 12, வெள்ளி

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தேன். எண் எங்கிருந்து வந்தது என்று அர்த்தநாரி கேட்பான். தனசீலனுடைய ரேடியோவை எட்டிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதை அந்தத் தனசீலனே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

தனசீலன் எல்லாவற்றையும் பத்து நிமிடம் ஆட்டிப் பார்க்கிற ஆள். கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடிக்காவிட்டால், அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும். பக்கத்தாளாக நிற்கப் போகிறவன் அவன்தானே. அவன் நிற்கும்போது விழட்டும்.

இதை எழுதிவிட்டுப் பார்க்கிறேன். அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்தால் மட்டும் நினைக்காததாகிவிடுமா?

ஜனவரி 13, சனி

ருக்குமணி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவள் அப்படி உட்கார்ந்தால் கணக்குக் கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

“ஏனுங், அர்த்தநாரி அண்ணனுக்கும் உங்களுக்கும் என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா அந்த ரிமோட்ட எடுத்துத் தொடைக்கறீங்க, வெக்கறீங்க, எடுத்துத் தொடைக்கறீங்க? என்னையப் பொண்ணு பாத்தப்பக்கூட நீங்க இத்தன யோசிக்கல.”

“அவனுக்குப் புது ஆள் கெடைச்சுட்டான்.”

“அட ஆண்டவனே” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ரசம் ஊத்தட்டுமா?” என்றாள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வருடா வருடம் அர்த்தநாரி கரும்புக் கட்டை அவனே தோளில் தூக்கிக்கொண்டு வருவான். இந்த முறை டிரைவர் கொண்டுவந்தான். பேத்தி வந்திருப்பதால் வீட்டை விட்டு நகர முடியவில்லையாம். கடைவீதிக்குப் போகும் வழியில் பார்த்தேன். அர்த்தநாரி வீட்டு வாசலில் தனசீலனின் ஸ்கூட்டர்.

ஜனவரி 16, செவ்வாய்

கடை லீவு. சொல்லவில்லை. நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். காற்று கிழக்கு, சீராக.

ஒன்பது மணிக்கு என்றிருந்தார்கள். எட்டு மணிக்கே வேட்டி கட்டித் தயாராக இருந்தேன். ஒன்பதேகாலுக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஆறேழு கார்கள். கிளப்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நிழலில் குண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். அர்த்தநாரியின் பேத்தி, ஐந்து வயது, சுண்ணாம்புக் கோட்டுக்குப் பத்தடி பின்னால் மடக்கு நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது என் நாற்காலி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் விமானம் ஓடுபாதையின் கடைசிக்குப் போய்த் திரும்பி நின்றது. அர்த்தநாரி ரேடியோவைப் பிடித்திருந்தான். இடது பக்கம் தனசீலன். கிளப்பில் எவனும் அவ்வளவு பெரியதைப் பறக்கவிட்டதில்லை. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

நான் கூப்பிட்டேன். எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

வேகத்தைக் கூட்ட அர்த்தநாரியின் கட்டை விரல் நகர்ந்ததைப் பார்த்தேன். அந்தக் குழந்தை எழுந்து நின்று கை தட்டத் தொடங்கியது. அதன்பின் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. வேட்டியை மடித்துக்கொண்டு ஓடுபாதையின் நடுவில் போய், விமானத்துக்கு எதிராக இரண்டு கையையும் விரித்து நின்றேன். கிளப்பில் நான் எழுதிவைத்த சட்டத்தில் முதல் சட்டம், எஞ்சின் ஓடும்போது ஓடுபாதையில் ஆள் கூடாது என்பது.

எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் அர்த்தநாரி கத்தினான்.

“யோவ்! சாகறதுக்கா வந்தே? அறிவிருக்குதா உனக்கு?”

“பறக்கவிடாதே. ரேட் தப்பு. நான்தான் தப்பாப் போட்டேன்” என்றேன்.

“என்ன தப்பு?”

எல்லோர் முன்னாலும் சொன்னேன். தனசீலன் ரேடியோவை எட்டிப் பார்த்ததை, நாற்பதை, பிளஸ்ஸை, என் விமானம் விழுந்ததை. எட்டு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். இப்ராஹிம் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ செல்போனில் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தனசீலன் தொண்டையைச் செருமினான்.

“அண்ணா… அத நான் பொங்கலன்னிக்கே பாத்துட்டனுங். வால் நடுவுல துள்ளுச்சு. மைனஸ் இருபதுன்னு மாத்திட்டனுங். இப்ப சரியாத்தான் இருக்குது.”

அவ்வளவுதான். ஊர் முன்னால் துணியை அவிழ்த்துவிட்டு நிற்கிறேன், குளம் காலி.

ஆனால் அர்த்தநாரி என்னைப் பார்க்கவில்லை. தனசீலனைப் பார்த்துத் திரும்பினான்.

“எங்கிட்டச் சொல்லவே இல்லியே?”

“சொன்னா தலைவருக்குச் சங்கடமாயிருமேன்னுதானுங்…”

“ரேடியோ யாரு கையில இருக்குது? தலைவரு கையிலயா?” அர்த்தநாரி அவனை அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. “இவன் என்னமோ போடறான், எங்கிட்டச் சொல்றதில்ல. நீ என்னமோ மாத்தறே, நீயும் சொல்றதில்ல. நாலு நாளா இந்தக் குச்சியப் புடிச்சு ஆட்டிக்கிட்டிருக்கறேன், உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியாது. என்ற பேத்தி அங்க உக்காந்திருக்குது. ரெண்டு பேரும் சேந்து என்னை வெச்சு வெளையாடறீங்களா?”

“அண்ணா—”

“அக்கட்டால போங்க. ரெண்டு பேரும்.”

எல்லா நாற்காலியையும் நிழலுக்குப் பின்னால் நகர்த்தச் சொன்னான். விமானத்தை இழுத்துவந்து மேசை மேல் வைத்தான். ரேடியோவைத் திறந்து எக்ஸ்போவைச் சுழியாக்கினான். ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி, குச்சியைக் கொஞ்சம், பாதி, முழுக்க என்று இழுத்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். “இந்தப் பக்கம் முழுசு. இந்தப் பக்கம் அறுவது. கொஞ்சம் இழுத்தா கொஞ்சம் மடங்குது.” இருபது நிமிடம். பொங்கல் ஆறியது.

நானும் தனசீலனும் தார்ப்பாய்க் கம்பத்தின் இரண்டு பக்கமும் நின்றோம்.

“நம்பர் உங்களுது இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்” என்றான் மெதுவாக. “நாப்பது யாரும் போடமாட்டாங்க. எனக்குக் கை நடுங்குமுங். அஞ்சு வருஷமா. மாத்திரை சாப்புடறேன். நடுவுல அத்தன மெத்தையா வெச்சாத்தான் என் நடுக்கம் பிளேனுக்குத் தெரியாது.”

அவன் கையைப் பார்த்தேன். பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. டீ டம்ளரை அவன் இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்துப் பவ்யம் காட்டுகிறான் என்று நினைத்தேன். துணி காய்கிற மாதிரி பறந்ததே, அது அந்தக் கைதான்.

“யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“அர்த்தநாரி அண்ணனுக்கு மட்டுந்தானுங்.”

அவனுக்குக் கை நடுங்குகிறது என்று கேட்டு வருத்தப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு உறைத்தது வேறு. ஒரு மாதமாக அர்த்தநாரிக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் இது முதல் தடவை.

அர்த்தநாரி தனியாகப் போய் நின்றான். இடது பக்கம் யாரும் இல்லை. விமானம் ஏறியது, அலைந்தது, மூன்று சுற்று வந்தது. இறங்கும்போது இரண்டு குதி குதித்து மூக்கைக் குத்திக் காத்தாடி முறிந்தது. குழந்தை கை தட்டியது. அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஜனவரி 18, வியாழன்

போன் இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

போகவில்லை. இப்ராஹிம் சொன்னான், தனசீலனும் வரவில்லையாம். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இருந்தது, அவ்வளவுதான், நியாயம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 25, வியாழன்

அர்த்தநாரியின் டிரைவர் தார்ப்பாய் வாங்க வந்தான். கடைப்பையன்களை விட்டுவிட்டு நானே மடித்துக் கட்டிக்கொடுத்தேன். “அண்ணன் ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டேன். “பச்சைக் கலரு வேண்டாம்னாருங்” என்றான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மதியத்தோடு கடையைப் பூட்ட இருந்தேன். அர்த்தநாரி வந்தான். பின்னால் ஒரு மினி லாரி. அதில் மஞ்சள் விமானம், புதுக் காத்தாடியோடு. ரேடியோவை என் மேசை மேல் வைத்தான்.

“எக்ஸ்போ இல்லாம முடியலய்யா. தொட்டா அலையுது. போட்டுக் குடு.”

“நானா?”

“இல்ல, பக்கத்துக் கடைக்காரன். என் கண்ணு முன்னாலயே போடோணும். ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடு. சொல்லாம ஒரு பொத்தானத் தொட்டே, கைய ஒடைச்சுருவேன்.”

தார்ப்பாய்க் கட்டுகளின் மேல் விமானத்தை ஏற்றிவைத்தோம். காத்தாடியைக் கழற்றினேன். எண்ணைச் சொல்லிவிட்டுப் போட்டேன்: மைனஸ் பதினைந்து. அவன் ரேடியோவைப் பிடித்துக்கொள்ள, நான் வாலருகே உட்கார்ந்தேன். கொஞ்சம் இழு என்றேன். வால் கொஞ்சத்துக்கும் கொஞ்சமாக அசைந்தது. பாதி. முழுக்க. சுவிட்சைத் தட்டு. மறுபடியும். முட்டி வலித்தது, எழவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. ருக்குமணி சாப்பாட்டுக்கு இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை.

நன்றாக இருந்தது. பழைய ஞாயிறு மாதிரி. அதை அப்படியே விட்டிருக்கலாம். என் வாய் இருக்கிறதே.

“அவங்கிட்டப் போகலியா?” என்று கேட்டேன்.

“போனேன்.” அவன் குச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மொதல்ல அங்கதான் போனேன். வீடு பூட்டியிருந்துச்சு. பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கறாப்ல.”

வாலைக் கையால் துடைத்தேன், தூசி இல்லை.

“இப்ப அந்தச் சுவிட்ச மேல தள்ளிட்டு, கொஞ்சமா இழு” என்றேன். இழுத்தான். சரியாக அசைந்தது. “எப்ப வர்றாங்களாம்?”

“யாரு?”

“தனசீலன்.”

“புதன்கெழம.”

இன்று ஞாயிறு. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.